ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ஜின் ரீபில்ட்: கிடைக்காத பெட்ரோல் பம்ப் பார்ட்ஸை தேடிப் பிடிக்க முழு வழிகாட்டி

பழைய கார் என்ஜினை இறக்கி ரீபில்ட் பண்றவங்க பிஸ்டன், பேரிங், வால்வுக்கெல்லாம் ஆரம்பத்துலயே அலைஞ்சு வாங்கிடறாங்க. பெட்ரோல் பம்பை மட்டும் சின்ன ஐட்டம்தானே, கடைசில பாத்துக்கலாம்னு ஒரு டப்பாவுல போட்டு ஓரமா வச்சிடறாங்க. அப்புறம் என்ஜின் ரெடியாகி நிக்கும், பம்புக்கு ஒரு டயாஃப்ரம் (உள்ள மேல கீழ அசைஞ்சு பெட்ரோலை இழுக்கற ரப்பர் ஷீட்) கிடைக்காம மாசக்கணக்குல வேலை நின்னு போயிருக்கும். இதை நான் திரும்பத் திரும்ப பார்த்துட்டேன், அதனால வேலையை எந்த வரிசையில செய்யணும்னு இங்க முழுசா எழுதறேன்.

உதாரணத்துக்கு நம்ம மெட்ராஸ்ல ஓடின ஸ்டாண்டர்ட் ஹெரால்டை எடுத்துக்கறேன், 948 சிசி என்ஜின், பிளாக்கோட பக்கவாட்டுல மாட்டற மெக்கானிக்கல் பம்ப். கேம் ஷாஃப்ட் ஆர்மைத் தள்ளும், ஆர்ம் டயாஃப்ரமை இழுக்கும், அவ்வளவுதான் சங்கதி. இதே மாதிரி பம்ப் இருக்கற வேற எந்த பழைய காருக்கும் இந்த வரிசை ஒத்து வரும்.

ஒரு விஷயத்தை மட்டும் முதல்லயே மனசுல ஏத்திக்கோங்க. "ஹெரால்ட் பம்ப் இருக்கா"னு கார் பேரைச் சொல்லி தேடினா பாதி கடையில தலையை ஆட்டிடுவாங்க. பம்பை டிசைன் பண்ணது கார் கம்பெனி இல்ல, ஏ.சி-ங்கற பார்ட்ஸ் கம்பெனி. ஒரே பாடி, ஒரே டயாஃப்ரமை வச்சுகிட்டு ஆர்மை மட்டும் மாத்தி பல காருக்கு கொடுத்தாங்க. அதனால தேடறது பம்போட நம்பரையும் அளவையும் வச்சுதான் இருக்கணும்.

1. முதல்ல பம்ப்தான் கெட்டுப்போச்சான்னு பாருங்க

என்ஜின் இன்னும் கார்லயே இருந்தா இதை இறக்கறதுக்கு முன்னாடியே பண்ணிடுங்க. காயில் வயரை கழட்டி விட்டுட்டு (ஸ்பார்க் எங்கயும் வரக்கூடாது), கார்புரேட்டருக்கு போற பைப்பை எடுத்து ஒரு பாட்டில்ல விட்டு, ஸ்டார்ட்டரை சுத்துங்க. ஒவ்வொரு ஸ்ட்ரோக்குக்கும் பெட்ரோல் நல்லா பீச்சி அடிச்சா பம்ப் வேலை செய்யுது. நூல் மாதிரி வந்தா டேங்க்ல இருந்து பம்ப் வரைக்கும் வர்ற லைனை முதல்ல சந்தேகப்படுங்க. துரு அடைச்சிருக்கும், இல்ல வெடிச்ச ரப்பர் ஹோஸ் வழியா காத்து இழுக்கும், அதுக்கு பம்பை மாத்தி ஒரு பிரயோஜனமும் இல்ல.

டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க. ஆயில்ல பெட்ரோல் வாடை அடிச்சு லெவலும் ஏறியிருந்தா டயாஃப்ரம் கிழிஞ்சு பெட்ரோல் சம்ப்புக்குள்ள (என்ஜின் அடியில ஆயில் நிக்கற தொட்டி) இறங்குதுன்னு அர்த்தம். புதுசா போட்ட பேரிங்கை இது சீக்கிரமே தின்னுடும், ஆயில் தண்ணியா போயிடும்ல. ரீபில்ட் பண்ற என்ஜின்ல பழைய டயாஃப்ரமை திரும்ப மாட்டவே கூடாதுன்னு சொல்றது இதுக்குத்தான்.

2. கையில இருக்க வேண்டியது

வெர்னியர் காலிப்பர், ஸ்டீல் ஸ்கேல், நைஸ் அரம், தட்டையான ஒரு கண்ணாடித் துண்டு, உப்புத்தாள், மண்ணெண்ணெய், மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற 50 மில்லி சிரிஞ்ச், அதுக்கு சேர்ற பிளாஸ்டிக் ட்யூப், கவர் கவரா போட்டு வைக்க ஜிப் பைகள். போன் கேமரா எல்லார்கிட்டயும் இருக்கு. ரொம்ப முக்கியமா உங்க காருக்கான ஒர்க்‌ஷாப் மேனுவல், பம்ப் பிரஷர் எவ்வளவுங்கறது அதுல இருக்கும்.

3. கழட்டறதுக்கு முன்னாடி மார்க்

பம்போட மேல் பாதி, கீழ் பாதி ரெண்டும் சேர்ற விளிம்புல அரத்தால ரெண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போடுங்க. புதுசா வர்றவங்க தவறாம விடற இடம் இது. மேல் பாதியை எந்தப் பக்கம் திருப்பி வச்சாலும் ஸ்க்ரூ ஓட்டை ஒத்துப்போகும், ஆனா பைப் போக வேண்டிய திசை மாறிடும், அது என்ஜின்ல மாட்டினதுக்கு அப்புறம்தான் தெரியும்.

பிளாக்குக்கும் பம்புக்கும் நடுவுல இருந்த ஸ்பேசர், பேக்கிங் எல்லாத்தையும் எண்ணி, தடிமனை அளந்து எழுதி வைங்க. கிழிஞ்சிருந்தாலும் தூக்கிப் போடாதீங்க. ஆர்ம் எவ்வளவு தூரம் உள்ள போகுதுங்கறதை அந்த தடிமன்தான் முடிவு பண்ணுது. மெல்லிசா போட்டா ஆர்ம் அளவுக்கு மேல தள்ளப்பட்டு டயாஃப்ரம் கிழியும், தடியா போட்டா ஸ்ட்ரோக் குறைஞ்சு பெட்ரோல் பத்தாது.

பழைய பம்ப்ல இருந்து வர்ற ஒரு வாஷரைக் கூட குப்பையில போடாதீங்க, கிழிஞ்ச டயாஃப்ரம் உட்பட. கடையில காட்டவும் லேத்ல அளவு எடுக்கவும் அதுதான் சாம்பிள்.

4. உங்க பம்ப் எதுன்னு கண்டுபிடிங்க

பாடியை மண்ணெண்ணெய்ல ஊற வச்சு பழைய பிரஷ்ஷால தேய்ச்சா ஃபிளாஞ்ச் (பிளாக்ல போல்ட் போட்டு உக்கார்ற தட்டைப் பகுதி) மேலயோ விளிம்புலயோ நம்பர் தெரியும். சாக்பீஸைத் தேய்ச்சு துடைச்சா தேஞ்ச எழுத்தும் வெள்ளையா எழும்பி வரும். அந்த நம்பரை அப்படியே எழுதுங்க, ஒரு எழுத்து மாறினா வேற பம்ப்.

நம்பர் கிடைச்சாலும் இல்லாட்டியும் அளவை எடுத்துடுங்க, ஏன்னா இத்தனை வருஷத்துல யாரோ ஒரு மெக்கானிக் வேற கார் பம்பை மாட்டியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. அளக்க வேண்டியது இதெல்லாம்: ஃபிளாஞ்ச்ல ரெண்டு போல்ட் ஓட்டைக்கு நடுவுல உள்ள தூரம், ஃபிளாஞ்ச் முகத்துல இருந்து ஆர்ம் நுனி வரை எவ்வளவு நீளம், ஆர்ம் நேரா இருக்கா வளைஞ்சிருக்கா, ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கா, கேம் மேல உக்கார்ற நுனியோட அகலம், டயாஃப்ரமோட வெளி விட்டம், சுத்தி எத்தனை ஸ்க்ரூ ஓட்டை, நடு ராடோட நீளம், ராட் நுனியில கொக்கி மாதிரி இருக்கா ஓட்டை மாதிரி இருக்கா.

இதுல போல்ட் தூரமும் ஆர்மும்தான் பம்ப் உங்க என்ஜின்ல உக்காருமான்னு சொல்லும். டயாஃப்ரம் அளவும் ராடும்தான் எந்த கிட் (டயாஃப்ரம், வால்வு, பேக்கிங் எல்லாம் சேர்ந்து வர்ற ரிப்பேர் பாக்கெட்) சேரும்னு சொல்லும். ரெண்டையும் குழப்பிக்கிட்டா வெளியில பார்த்து ஒரே மாதிரி இருக்குன்னு முழு பம்பை வாங்கிட்டு வந்து, ஆர்ம் கேமைத் தொடாம நிக்கறதைப் பார்த்து முழிப்பீங்க.

போட்டோ எடுக்கும்போது ஸ்கேலை பம்புக்கு பக்கத்துல, அதே மட்டத்துல வச்சு நேர் மேல இருந்து எடுங்க. சாய்ச்சு எடுத்த போட்டோவை வச்சு எந்த கடைக்காரராலயும் அளவு சொல்ல முடியாது. மேல, கீழ, ஆர்ம் பக்கம், நம்பர், இந்த நாலு போட்டோவும் அளவு எழுதின பேப்பரும் வாட்ஸ்அப்ல அனுப்ப ரெடியா இருந்தா பாதி அலைச்சல் மிச்சம்.

5. எதை வாங்கணும், எதைக் காப்பாத்தணும்

கழட்டி கழுவினதும் பார்ட்ஸை மூணு கவரா பிரிங்க.

முதல் கவர், கண்டிப்பா புதுசு: டயாஃப்ரம், கார்க் பேக்கிங், எல்லா கேஸ்கெட்டும். இது நல்லா இருக்கற மாதிரி தெரிஞ்சாலும் புதுசுதான் போடணும்.

ரெண்டாவது கவர், பாத்து முடிவு பண்றது: வால்வு, ராக்கர் பின் (ஆர்ம் மாட்டி ஆடற பின்), ஸ்பிரிங், ஃபில்டர் வலை. வால்வை சிரிஞ்சால டெஸ்ட் பண்ணுங்க. மேல் பாதியோட இன்லெட் வழியா காத்து அழுத்தினா உள்ள போகணும், அவுட்லெட் வழியா அழுத்தினா அடைக்கணும். வாயை வச்சு ஊதற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட நிறைய இருக்கு, வேண்டாம், பெட்ரோல் ஒட்டியிருக்கும். சில பம்ப்ல வால்வை ஒரு பிளேட்டும் ஸ்க்ரூவும் பிடிச்சிருக்கும், அது சுலபமா கழலும். சிலதுல பாடியோட உலோகத்தையே பஞ்ச்சால மடக்கி வால்வை இறுக்கியிருப்பாங்க. அந்த வகையில டெஸ்ட் பாஸாச்சுன்னா வால்வைத் தொடவே தொடாதீங்க. பிடுங்கினதுக்கு அப்புறம் கிட்ல வந்த வால்வு லூஸா இருந்தா பாடியே போச்சு.

மூணாவது கவர், தங்கம் மாதிரி பாத்துக்க வேண்டியது: மேல் கீழ் பாடி, ஆர்ம், கண்ணாடி கப் இருந்தா அது, அதைப் பிடிக்கற கம்பி. இது திரும்பக் கிடைக்கறதுதான் நிஜமாவே கஷ்டம். பாடி பெரும்பாலும் டை காஸ்ட் சிங்க் கலவை, கேஸ் வெல்டிங் வச்சா உருகி வழிஞ்சிடும். ஃபிளாஞ்ச்ல போல்ட் ஓட்டை இருக்கற காது உடைஞ்ச பாடியை வெல்டிங் கடைக்கு எடுத்துட்டு ஓடாதீங்க.

என்ஜின் திறந்திருக்கும்போதே கேம் ஷாஃப்ட்ல ஆர்ம் உரசற எக்சென்ட்ரிக்கையும் (மையம் தள்ளி இருக்கற வட்டம்) ஆர்ம் நுனியையும் பாருங்க. ஆர்ம் நுனியில குழி விழுந்திருந்தா அந்தத் தேய்மானம் அப்படியே ஸ்ட்ரோக்ல குறையும், புது கிட் போட்டும் பிரஷர் வராது.

6. உள்ளூர்ல தேடற வரிசை

முதல்ல பழைய ஸ்பேர்ஸ் கடைங்க. சென்னைன்னா ஜி.பி. ரோடு, அங்க பெரியவங்க உக்காந்திருக்கற கடையா பாத்துப் போங்க, "ஏ.சி பம்ப் கிட்"னே கேளுங்க, கூடவே சாம்பிளை மேசை மேல வைங்க. கம்ப்யூட்டர்ல பார்ட் நம்பர் அடிச்சு பாக்கற கடையில இது வராது, பரண் மேல அட்டைப்பெட்டி இருக்கற கடையிலதான் வரும். காலை நேர கூட்டத்துல போனா யாரும் பரண் ஏற மாட்டாங்க, மத்தியானம் ஆள் குறைஞ்சப்ப போங்க.

ரெண்டாவது புதுப்பேட்டை. அங்க கிட்டைத் தேடாதீங்க, பாடிக்கும் ஆர்முக்கும் போங்க. ஆர்ம் சரியா இருக்கற கிழிஞ்ச பம்ப் ஒண்ணு, பாடி நல்லா இருக்கற உடைஞ்ச பம்ப் ஒண்ணு, ரெண்டையும் சேர்த்து ஒண்ணு பண்ணலாம். வாங்கும்போது ஃபிளாஞ்ச் காதுல விரிசல் இருக்கான்னு நகத்தால தடவிப் பாருங்க, பின்னைப் பிடிச்சு ஆர்மை பக்கவாட்டுல ஆட்டிப் பாருங்க.

மூணாவதா மத்த ஊர்: பெங்களூர் ஜே.சி. ரோடு, கல்கத்தா மல்லிக் பஜார், டெல்லி காஷ்மீரி கேட். நேர்ல போக முடியலன்னா அந்த ஊர்ல பழைய கார் வச்சிருக்கற யாரையாவது பிடிங்க. கார் ஆளுங்க இந்த விஷயத்துல தாராளமா உதவுவாங்க, போட்டோவும் அளவும் சரியா இருந்தா போய் பாத்துட்டு வந்து சொல்லுவாங்க.

பழைய ஸ்டாக் பத்தி ஒரு எச்சரிக்கை. சீல் பிரிக்காத பாக்கெட்ல, கம்பெனி லேபிளோட, நாப்பது அம்பது வருஷம் முந்தின டயாஃப்ரம் கிடைச்சா சந்தோஷத்துல நிறைய பேர் அதையே மாட்டிடறாங்க. ரப்பர் பாக்கெட்டுக்குள்ள இருந்தாலும் காஞ்சு இறுகும். மெதுவா மடக்கிப் பாருங்க, கோடு கோடா வெடிப்பு தெரிஞ்சா அது சாம்பிளுக்கு மட்டும்தான். அதே பெட்டியில இருக்கற ஸ்பிரிங், பின், ஆர்ம் எல்லாம் தாராளமா போடலாம், இரும்புக்கு வயசு பிரச்சனை இல்ல.

7. வெளிநாட்ல இருந்து வரவழைக்கறது

நம்ம ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் இங்கிலாந்துல ட்ரையம்ஃப் ஹெரால்ட். கேன்லி கிளாசிக்ஸ், ரிம்மர் பிரதர்ஸ் மாதிரி இங்கிலாந்து கடைங்க ட்ரையம்ஃப் பார்ட்ஸ் விக்கறாங்க.

ஆனா கேட்டலாக்ல கார் தயாரான வருஷத்தைப் போட்டு தேடாதீங்க. அங்க 1961-லயே 1147 சிசி ஹெரால்ட் 1200 வந்துடுச்சு, நம்ம ஊர்ல அதுக்கு அப்புறமும் 948 சிசியே ஓடிச்சு. உங்க வண்டி 1967 மாடல்னு போட்டீங்கன்னா கேட்டலாக் 1200-க்கு உண்டானதைக் காட்டும். 948 என்ஜின்னு தேடுங்க, உங்க அளவையும் போட்டோவையும் மெயில்ல அனுப்பி ஒத்துப்போகுதான்னு எழுத்துல கேட்டுக்கோங்க.

கிட்டுக்கு காசு கட்டறதுக்கு முன்னாடி டயாஃப்ரம் எத்தனால் தாங்குமான்னு கேளுங்க. 2023-ல இருந்து நம்ம பங்க்ல ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) வர ஆரம்பிச்சாச்சு, பழைய காலத்து ரப்பர் அதுல உப்பிப் போய் சீக்கிரம் கிழியுது. வைட்டான், ஃப்ளோரோசிலிக்கான்னு மெட்டீரியல் பேரைச் சொன்னா நம்பலாம், "நல்ல குவாலிட்டி"ன்னு மட்டும் சொன்னா வேண்டாம்.

செகண்ட் ஹேண்ட் பம்ப் வாங்கினா கழுவிக் காயவச்சு அனுப்பச் சொல்லுங்க. பெட்ரோல் வாடையோட பார்சல் விமானத்துல ஏறாது. ஷிப்பிங்கும் கஸ்டம்ஸும் சேர்த்து கிட் விலையைத் தாண்டிடும், அதனால ஒரே ஆர்டர்ல ரெண்டு கிட்டா போட்டுடறது புத்திசாலித்தனம். இன்னொருத்தர் ஹெரால்ட் வச்சிருந்தா சேர்ந்து ஆர்டர் போடுங்க.

விளிம்பை ஸ்க்ரூ இல்லாம மடக்கி ஒட்டின மாதிரி வர்ற புது பம்ப் விலை குறைவா கிடைக்கும். வாங்கலாம், ஆனா அதை பிரிச்சு ரிப்பேர் பண்ண முடியாது. அவசரத்துக்கு அது ஓடட்டும், ஒரிஜினல் பம்பை பத்திரமா வைங்க.

8. கிடைக்கவே இல்லன்னா செஞ்சுக்கறது

ராக்கர் பின்: லேத் பட்டறையில சில்வர் ஸ்டீல் ராட்ல கடைஞ்சுக்கலாம். பாடியில பின் ஓட்டை முட்டை மாதிரி தேஞ்சிருந்தா ரீமர் போட்டு வட்டமாக்கிட்டு, அந்த அளவுக்கு கொஞ்சம் தடிச்ச பின் கடையச் சொல்லுங்க. ஆர்ம்ல இருக்கற ஓட்டையும் அதே அளவுக்கு வரணும்ங்கறதை மறந்துடறாங்க, ரெண்டையும் சேர்த்து கொடுங்க.

டயாஃப்ரம்: பெட்ரோலுக்குன்னே விக்கற, நடுவுல துணி வச்ச நைட்ரைல் இல்லன்னா வைட்டான் ஷீட்லதான் வெட்டணும். சைக்கிள் ட்யூப், லாரி ட்யூப்ல வெட்டி மாட்டற மெக்கானிக் இன்னும் இருக்காங்க, ட்யூப் ரப்பர் பெட்ரோல்ல ஊறி உப்பிடும், ரோட்ல நிறுத்தும். பழைய டயாஃப்ரமோட நடு ராட் ரிவிட்டை மெதுவா டிரில் பண்ணி எடுத்து, அதே வாஷரோட புது ஷீட்டை வச்சு திரும்ப ரிவிட் அடிக்கணும். ஓட்டையை பஞ்ச்சால போடுங்க, ஆணியால குத்தினா ஓரம் பிஞ்சு அங்கிருந்தே கிழிய ஆரம்பிக்கும்.

கார்க் பேக்கிங் வெட்டறது சுலபம், ரப்பர் கலந்த கார்க் ஷீட் வாங்கி பழசை வச்சு வரைஞ்சு வெட்டுங்க.

டயாஃப்ரம் ஸ்பிரிங்கை மட்டும் இழுத்து நீட்டவோ வேற ஸ்பிரிங்கை போடவோ கூடாது. பம்ப் எவ்வளவு பிரஷர் கொடுக்கணும்னு முடிவு பண்றதே அந்த ஸ்பிரிங்தான். கெட்டியானதைப் போட்டா கார்புரேட்டர் நீடில் வால்வைத் தள்ளிக்கிட்டு பெட்ரோல் வழியும்.

கிட் வர்ற வரைக்கும் எலக்ட்ரிக் பம்ப் போட்டு ஓட்டலாமான்னு கேப்பீங்க. கார்புரேட்டருக்குன்னு வர்ற லோ பிரஷர் பம்பா இருந்தா போடலாம், கூட ரெகுலேட்டரும், மோதினா கரண்டை வெட்டற சுவிட்சும் வேணும், பிளாக்ல பம்ப் இருந்த ஓட்டையை பிளேட் போட்டு மூடணும். இன்ஜெக்‌ஷன் கார் பம்பை மட்டும் வேண்டவே வேண்டாம், அது 40 பிஎஸ்ஐக்கு மேல அடிக்கும்.

9. சேர்க்கற வரிசை

ரெண்டு பாடியோட முகத்தையும் கண்ணாடி மேல உப்புத்தாள் வச்சு எட்டு போடற மாதிரி தேய்ச்சு சமமாக்குங்க. பழைய பாடி ஸ்க்ரூ ஓட்டை பக்கத்துல வளைஞ்சிருக்கும், டயாஃப்ரம் எவ்வளவு புதுசா இருந்தாலும் அங்க கசியும்.

ஆர்ம், பின், ரிட்டர்ன் ஸ்பிரிங்கை முதல்ல போட்டு பின் ரெண்டு நுனியையும் பஞ்ச் பண்ணி பூட்டுங்க. அப்புறம் ஸ்பிரிங் மேல டயாஃப்ரமை வச்சு அழுத்தி, ராடை லிங்க்ல மாட்டுங்க. கொக்கி வகையா இருந்தா உள்ள விட்டு கால் சுத்து திருப்பினாதான் பூட்டும். திருப்பினதுக்கு அப்புறம் ஓட்டைங்க ஒத்துப்போகணும், அதைக் கணக்கு பண்ணி ஆரம்பிங்க.

வால்வு மாத்தியிருந்தா கவனம், ரெண்டும் பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா ஒண்ணுக்கு ஒண்ணு தலைகீழா உக்காரணும். ஒரே திசையில போட்டா சொட்டு பெட்ரோல் வராது.

மேல் பாதியை மார்க் பார்த்து வச்சு ஸ்க்ரூ எல்லாத்தையும் விரலால மட்டும் திருகுங்க. இப்ப ஆர்மை முழு ஸ்ட்ரோக்கும் அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, எதிர் எதிரா இறுக்குங்க. இந்த ஒரு இடத்துல அவசரப்படாதீங்க. ஆர்மை விட்டுட்டு இறுக்கினா டயாஃப்ரம் விறைப்பா மாட்டிக்கும், முழு ஸ்ட்ரோக் போகும்போதெல்லாம் ஓரத்துல இழுபட்டு சில நாள்லயே ஸ்க்ரூ ஓட்டையில கிழியும். "கிட் மட்டம்"னு சொல்றவங்கள்ல பலருக்கு நடந்தது இதுதான்.

சிலிக்கான் பேஸ்ட் எங்கயும் தடவாதீங்க. பெட்ரோல்ல அது உப்பிப் பிஞ்சு துணுக்கு துணுக்கா வால்வுலயும் ஜெட்லயும் போய் உக்காரும்.

10. டெஸ்ட் பண்ணி மாட்டறது

இன்லெட்ல ட்யூப் மாட்டி மண்ணெண்ணெய் கிண்ணத்துல விட்டு ஆர்மைக் கையால அழுத்துங்க. சில ஸ்ட்ரோக்லயே பீச்சி அடிக்கணும். ட்யூபை எடுத்துட்டு இன்லெட்டை விரலால மூடி ஆர்மை ஒரு தரம் அடிச்சா விரலை இழுத்துப் பிடிச்சு சில செகண்டாவது விடாம இருக்கணும்.

என்ஜின்ல மாட்டும்போது கிராங்கைச் சுத்தி எக்சென்ட்ரிக்கோட தாழ்ந்த பக்கம் ஆர்முக்கு எதிர வர்ற மாதிரி நிறுத்துங்க. கையால தள்ளினாலே ஃபிளாஞ்ச் கிட்டத்தட்ட உக்காரணும். உக்காராம நிக்கறதை நட்டால இழுத்து இறுக்கினா காது உடையும், அந்த பாடிக்காக மறுபடி புதுப்பேட்டையில இருந்து ஆரம்பிக்கணும். ஆர்ம் கேம் மேல உரசற பக்கத்துலதான் இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. நட்டு எல்லாம் இஞ்ச் த்ரெட், கையில கிடைச்ச மெட்ரிக் நட்டைத் திணிக்காதீங்க. ரப்பர் ஹோஸும் புதுசா போடுங்க, எஸ்.ஏ.இ ஜே30 ஆர்9-னு அச்சடிச்சதா பாத்து வாங்குங்க, எத்தனாலுக்கு தாங்கும்.

பிரஷர் பாக்க தனி கேஜ் இல்லன்னா ரத்த அழுத்தம் பாக்கற பழைய பி.பி டயல் போதும். கார்புரேட்டர் லைன்ல டி (மூணு வழி ஜாயின்ட்) போட்டு, டயலை உயரமா தூக்கி வச்சு நடுவுல ட்யூப்ல காத்து நிக்கற மாதிரி விடுங்க, டயலுக்குள்ள பெட்ரோல் போகக்கூடாது. 1 பிஎஸ்ஐ அந்த டயல்ல கிட்டத்தட்ட 52 மில்லிமீட்டர் (பாதரசக் கணக்கு). இந்த மாதிரி பம்ப் பொதுவா 1.5-ல இருந்து 2.5 பிஎஸ்ஐ, அதாவது டயல்ல ஏறக்குறைய 80-க்கும் 130-க்கும் நடுவுல, சரியான எண்ணை உங்க மேனுவல்ல பாத்துக்கோங்க. குறைஞ்சா பிளாக் பக்கத்து ஸ்பேசர் தடிமனையும் ஆர்ம் தேய்மானத்தையும் பாருங்க, அதிகமா இருந்தா கிட்ல வந்த ஸ்பிரிங்கை எடுத்துட்டு பழைய ஸ்பிரிங்கைப் போட்டுப் பாருங்க.

முதல் ஓட்டம் முடிஞ்சு என்ஜின் ஆறினதும் டிப்ஸ்டிக்கை மறுபடி மோந்து பாருங்க, அடுத்த சில ஓட்டத்துக்கும் அப்படியே. வாடை வந்தா அன்னைக்கே ஆயிலை மாத்திட்டு பம்பைக் கழட்டுங்க, வாடை இல்லாம லெவலும் ஏறாம இருந்தா பார்ட் நம்பர், கிட் வாங்கின இடம், ஸ்பேசர் தடிமன் மூணையும் ஒரு அட்டையில எழுதி ரெண்டாவது கிட்டோட சேர்த்து டூல் பாக்ஸ்ல போட்டு வைங்க.